கேட்டதும் காரணமும்

(நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இலக்கிய வட்டத்தின் ஆண்டு விழாவில் தமிழ் விரிவுரையாளர் ஒருத்தி ஒலிக்கருவிகளைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுக்கு வியப்பளிக்கலாம். பதிற்றுப்பத்தைப் பற்றிப் பேசியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். ஆனால் இவ்வட்டத்திற்கு நான் பட்ட கடன் ஒன்று உண்டு. இவ்வவையில் ஒரு பெரியவரிடம் நான் சொன்ன சொல் அது. அதனைத் திரும்பப் பெறுவதற்கு இம்மேடையே தக்க இடம் என்று கருதி இப்பொருளைத் தேர்ந்துகொண்டேன்.

மூன்றாண்டுகளுக்கு முன் நடந்ததை உறுப்பினர் பலரும் அறிவர். நாம் கூடும் கூடத்தில் இருந்த ஒலிப்பெருக்கி கடலுப்புக் காற்றால் பழுதுற்றது. புதியது வாங்க நிதி திரட்டினோம். மீன் விற்கும் தாய்மார்கள் பத்தும் இருபதுமாகக் கொடுத்ததும் அந்நிதியில் அடக்கம். 62,000 ரூபாய் சேர்ந்தது. நகரத்துக் கடை ஒன்று 84,000 ரூபாய் விலையுள்ள பெருக்கியை ஒரு வாரம் வைத்துப் பார்க்கக் கொடுத்தது. அதனுடன் 18,000 ரூபாய்க்கு ஓர் இணைப்புக் கம்பியையும் எடுத்துக்கொள்ளுமாறு பரிந்துரைத்தது. இக்கம்பியால் ‘குரலின் ஆழம் திறக்கும்’ என்றார் விற்பவர். நானும் கேட்டேன். ஆழம் திறந்ததாகவே எனக்குத் தோன்றியது. குறையும் தொகையைக் கடன் பெற்றாவது வாங்கிவிட வேண்டும் என்று செயற்குழுவில் வாதிட்டேன்.

அப்போது நம் மூத்த உறுப்பினர் ஒருவர், வாழ்நாளெல்லாம் கடலுக்குச் சென்றவர், கவிதையும் எழுதுபவர், “எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தாம்மா கேக்குது” என்றார். “செவி பழகினால் தெரியும், ஐயா” என்று நான் மறுமொழி கூறினேன். அவர் பேசாமல் இருந்துவிட்டார். அந்தச் சொல்லைப் பற்றியதே இவ்வுரை.

அடையாற்றில் ஒலித்த மணி

கேட்ட ஒலியையும் அதற்குக் கற்பித்த காரணத்தையும் பிரித்தறிய வேண்டிய நிலை நமக்கு முன்பே இவ்வட்டாரத்தில் எழுந்ததுண்டு. இக்குப்பம் தாங்கியிருக்கும் பெயர் கர்னல் ஒல்காட்டின் பெயர். பிளாவட்ஸ்கி அம்மையாருடன் சேர்ந்து 1875-இல் நியூயார்க்கில் பிரம்மஞான சபையைத் தொடங்கியவர் அவர். 1882-இல் சபையின் தலைமையிடம் நமக்கு அண்டையில் அடையாற்றுக்கு வந்தது. ஒடுக்கப்பட்டோரின் பிள்ளைகளுக்காக அவர் 1894-இல் தொடங்கிய பள்ளியை நாம் நன்றியோடு நினைக்கிறோம்.

அம்மையாரைச் சூழ்ந்து பல அற்புதங்கள் பேசப்பட்டன. மூடிய பேழையில் கடிதங்கள் தோன்றும் என்றனர். எவரும் அடிக்காத மணியோசை காற்றில் கேட்கும் என்றனர். 1884 செப்டம்பரில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் இதழ், சபை வளாகத்தில் பணிபுரிந்த கூலோம் அம்மையாரிடமிருந்து பெற்ற கடிதங்களை வெளியிட்டது. அற்புதங்கள் ஏற்பாடு செய்யப்பட்டவை என்பதற்கு அவை சான்றென்று சொல்லப்பட்டது. இத்தகைய நிகழ்வுகளை ஆராய்வதற்கென்று இலண்டனில் 1882-இல் தோன்றிய கழகம், ரிச்சர்டு ஹாட்ஜ்சன் என்னும் இளைஞரை அவ்வாண்டின் இறுதியில் அடையாற்றுக்கு அனுப்பியது. மாதக்கணக்கில் தங்கி விசாரித்த அவர், 1885-இல் வெளிவந்த தம் அறிக்கையில் எல்லாம் மோசடி என்று தீர்ப்பளித்தார். மணியோசைக்கும், உடையினுள் மறைத்து வைத்த சிறு இசைப்பெட்டி ஒன்று காரணமாகச் சொல்லப்பட்டது.

கதை அத்துடன் முடியவில்லை. நூறாண்டு கழித்து, 1986-இல், ஆவணங்களை ஆராய்வதில் வல்லவரான வெர்னான் ஹாரிசன் அவ்வறிக்கையை ஆராய்ந்து, ஹாட்ஜ்சன் ஒருசார்பாக நடந்துகொண்டார் என்றும், அவர் காட்டிய சான்றுகள் அவர் முடிவைத் தாங்கவில்லை என்றும் எழுதினார். அதனை வெளியிட்டது ஹாட்ஜ்சனை அனுப்பிய அதே கழகத்தின் ஆய்விதழ்.

இவ்வழக்கில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது என் நோக்கமன்று. மணியோசையைக் கேட்டதாகச் சொன்னவர்கள் அனைவரும் பொய்யர் அல்லர். அவர்கள் கேட்டிருக்கலாம். கேட்ட ஓசை எங்கிருந்து வந்தது என்பதே வழக்கு. ஐயுற்றவரின் முடிவும் பிறகு ஐயத்துக்கு உள்ளாயிற்று என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

மணிமேகலை காட்டும் அளவைகள்

இந்த வேறுபாட்டைத் தமிழ் முன்னரே நுட்பமாக வகுத்திருக்கிறது. வஞ்சி மாநகரில் மணிமேகலை சமயக் கணக்கர்களைக் கண்டு அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். முதலில் பேசும் அளவைவாதி, உண்மையை அறியும் அளவைகள் பத்தினை எடுத்துரைக்கிறான். காட்சி அவற்றுள் முதலாவது. செவி ஓசையை அறிவதும் காட்சியே. புகையைக் கண்டு நெருப்பு உண்டென உணர்வது கருத்தளவை.

“ஒலி இனிமையாக இருந்தது” என்பது காட்சி. “இக்கம்பியால் இனிமையாயிற்று” என்பது கருத்தளவை. முன்னதில் என்னை எவரும் மறுக்க முடியாது. பின்னதற்கு நான் சான்று காட்டியாக வேண்டும். கடைக்காரர் இவ்விரண்டையும் ஒன்றாக முடிந்து தருகிறார். நாமும் முடிச்சை அவிழ்க்காமலே பணத்தைக் கொடுக்கிறோம்.

அளவைகளைச் சொன்ன அப்புலவர், அளவை போலத் தோன்றி ஏமாற்றும் எட்டுக் குற்றங்களையும் சொல்கிறார். அவற்றுள் மூன்று எனக்கெனவே எழுதப்பட்டவை போலும். ஒன்று, திரியக் கோடல். இப்பியை வெள்ளி என்று கொள்வது. மற்றொன்று, தேராது தெளிதல். வெளியில் நிற்கும் கட்டுத்தறியை ஆராயாமல் மனிதன் என்று துணிவது. மூன்றாவது நினைப்பு, காரணம் எதுவுமின்றிப் பிறர் சொன்னதைக்கொண்டே ஒன்றைக் கருதுவது. ‘ஆழம் திறக்கும்’ என்று விற்பவர் சொன்னார், எனக்குத் திறந்தது. அது நினைப்பு.

திரைக்குப் பின்னால்

நம் உறுப்பினருள் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் தொழில் செய்யும் இளைஞர் ஒருவர் உண்டு. நான் தம்பி என்று அழைப்பவர். “அம்மா, வாங்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்க்காம கேட்டுடலாமே” என்றார் அவர். பழைய பெருக்கியைத் தம் பொறுப்பில் பழுது நீக்கிக் கொண்டுவந்தார். இரண்டையும் ஒரு வேட்டித் திரைக்குப் பின்னால் வைத்தார். ஒலிபெருக்கிப் பெட்டிகள் அவையே; விசையைத் திருப்பினால் பெருக்கி மட்டும் மாறும். புதியதற்கு விலையுயர்ந்த கம்பி, பழையதற்குச் சாதாரணக் கம்பி. ஒரு நாகசுரப் பதிவும், நம் உறுப்பினர் ஒருவர் கவிதை வாசித்த பதிவும் கேட்பதற்கு.

முதற் சுற்றில் பத்து முறை கேட்டேன். பத்தும் சரியாகச் சொன்னேன். பெருமிதத்தோடு பெரியவரைப் பார்த்தேன் என்பதையும் மறைக்கவில்லை.

தம்பி ஒன்றும் சொல்லாமல் மல்டிமீட்டரை எடுத்து, பெட்டிகளின் முனையில் மின்னழுத்தத்தை அளந்தார். ஒரே குறியில் திருகியை வைத்தாலும் புதிய பெருக்கி சற்று உரக்க ஒலித்தது. அந்தச் சிறு வேறுபாட்டை நம் செவி உரப்பு என்று உணர்வதில்லை. தெளிவு என்றும் ஆழம் என்றும் உணர்கிறது. ஒலித்துறையினர் நெடுநாளாக அறிந்த செய்தி இது. விற்பவர் சிலரும் அறிவர். தம்பி இரண்டின் அளவையும் சமன் செய்தார். பின்னர்த் திரைக்குப் பின்னால் நாணயத்தைச் சுண்டி, அதன்படி விசையைத் திருப்பினார். என் விடையைக் குறித்துக்கொண்ட கணித ஆசிரியைக்கும் எது ஒலிக்கிறது என்பது தெரியாது. இப்படிப் பதினாறு முறை.

பதினாறில் ஒன்பது சரியாகச் சொன்னேன்.

கண்ணை மூடிக்கொண்டு வாய்க்கு வந்ததைச் சொன்னாலும் ஏறத்தாழ எட்டுச் சரியாகும் என்று ஆசிரியை விளக்கினார். பன்னிரண்டோ அதற்கு மேலோ சரியாகச் சொல்லியிருந்தால் என் செவியை நம்பலாம். தற்செயலாக அவ்வாறு அமைய நூற்றில் நான்கு வாய்ப்புக்கூட இல்லை. பெரியவரும் கேட்டார். அவருக்கு எட்டு. “உங்க காதுக்கும் என் காதுக்கும் ஒண்ணுதாம்மா வித்தியாசம்” என்று சிரித்தார். அவர் சிரித்தது எனக்குப் பெரிய உதவி.

இச்சோதனை சிறியது. இரு கருவிகளுக்கும் எவ்வேறுபாடும் இல்லை என்று அது நிறுவவில்லை. கடன் வாங்கியாவது வாங்க வேண்டும் என்று நான் அடித்துப் பேசிய அந்த வேறுபாடு, சமமான உரப்பில், பெயர் தெரியாதபோது என் செவிக்கு எட்டவில்லை. அது ஒன்றையே அது நிறுவியது. நமக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

உலகம் கேட்ட கேள்வி

நாம் வேட்டித் திரையில் செய்ததை உலகின் பல இடங்களில் அறிஞர்கள் ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள். 1994-இல் ஃபிளாயிட் டூல், ஷான் ஆலிவ் என்னும் இருவர், ஒரே ஒலிபெருக்கிகளைக் கண்ணுக்குத் தெரியும்படியும் திரையிட்டு மறைத்தும் மதிப்பிடச் செய்தனர். காணும்போது கொடுத்த மதிப்பெண் வேறு. காணாதபோது கொடுத்தது வேறு. பெட்டியின் தோற்றமும் பெயரும் செவிக்குள் புகுந்துவிட்டன.

2007-இல் மேயர், மோரன் என்னும் இருவர் உயர்தரப் பதிவையும், அதே பதிவைக் குறுந்தட்டின் தரத்திற்கு இறக்கியதையும் கேட்கச் செய்தனர். 554 முறை கேட்டதில் 276 முறையே விடை சரி. சரிபாதியிலும் ஒன்று குறைவு. ஆனால் 2016-இல் ஜோஷுவா ரைஸ் இத்தகைய ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்துக் கணக்கிட்டபோது நூற்றுக்கு 52.3 சரியாயிற்று; பயிற்சி பெற்றவர்களிடம் இன்னும் மிகுதி. ஆகவே சிறு வேறுபாடு ஒன்று இருக்கலாம். அது விளம்பரத்தில் சொல்லப்படும் வானுக்கும் பூமிக்கும் உள்ள வேறுபாடு அன்று.

இசைக்கருவிகளும் இதற்கு விலக்கல்ல. 2012-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் கிளாடியா ஃபிரிட்ஸ் குழுவினர் இருபத்தொரு வயலின் கலைஞர்களின் கண்களை மறைத்து, புதிய வயலின்கள் மூன்றையும் ஸ்டிராடிவேரி உள்ளிட்ட பழம்பெரும் கைவினைஞர் செய்த மூன்றையும் வாசிக்கச் செய்தனர். பழைய மரத்தின் மணம் காட்டிக்கொடுக்காதிருக்க, முகவாய் வைக்கும் இடத்தில் நறுமணத் துளியும் இட்டனர். பெரும்பாலோர் தெரிந்தெடுத்தது புதிய வயலினை. மிகக் குறைவாக விரும்பப்பட்டது ஒரு ஸ்டிராடிவேரி.

திரையும் ஏமாற்றக்கூடும் என்பதற்கும் ஒரு சான்று சொல்கிறேன். 1915 முதல் பத்தாண்டுகள் எடிசன் நிறுவனம் அமெரிக்க மேடைகளில் ‘குரற் சோதனை’ நடத்தியது. இருட்டில் பாடகியின் குரலும் இசைத்தட்டின் குரலும் மாறி மாறி ஒலிக்கும். வேறுபாடு தெரியவில்லை என்று அவையோர் வியப்பர். அம்மேடைகளில் பாடிய ஆனா கேஸ் அம்மையார், இயந்திரத்தின் ஒலிக்கு ஏற்பத் தம் குரலை அமைத்துக்கொண்டு பாடியதைப் பிற்காலத்தில் தெரிவித்தார். இயந்திரம் மனிதரைப் போலப் பாடவில்லை. மனிதர் இயந்திரத்தைப் போலப் பாடினார். சோதனை என்று சொல்லப்பட்டால் மட்டும் போதாது. அதனை நடத்துபவர் யார், விற்பவரா, வாங்குபவரா என்றும் கேட்க வேண்டும்.

ஐயம் மரபின் பகையன்று

எல்லாவற்றையும் இல்லை என்று சொல்வதே அறிவியல் என்று எண்ணிவிடக் கூடாது. செவி சொன்னது சரி என்று சோதனை நிறுவியதும் உண்டு.

வெறும் வட்டத் தோலைத் தட்டினால் சுரம் பிறக்காது. அடிப்படை ஒலியின் 1.59 மடங்கு, 2.14 மடங்கு என்று ஒத்திசையாத துணையொலிகளே எழும். மிருதங்கத்தின் வலந்தலையில் மட்டும் சுரம் எப்படிப் பிறக்கிறது? சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சர் சி. வி. இராமன் இதனை ஆராய்ந்து 1920-இல் சிவகாளி குமாருடன் நேச்சர் இதழிலும், 1934-இல் விரிவாகவும் எழுதினார். தோலின் மேல் மணலைத் தூவி, அது எந்தக் கோடுகளில் சேர்கிறது என்று பார்த்தார். நடுவில் இடும் கரணையின் எடையே துணையொலிகளை ஒத்திசைவுக்குக் கொண்டுவருகிறது என்று காட்டினார். சோற்றையும் கிட்டக்கல் பொடியையும் குழைத்து, தேய்த்து, தட்டிக் கேட்டு, மீண்டும் தேய்த்த கைவினைஞர்கள் நெடுங்காலமாகச் செவியால் அறிந்திருந்ததையே ஆய்வுக்கூடம் உறுதிப்படுத்தியது. அவர்கள் ‘செவி பழகியவர்கள்’ என்று சபைகள் சொன்னதில்லை.

யாருடைய செவியைச் சாட்சியாக ஏற்கிறோம் என்னும் கேள்வி இம்மண்ணில் புதிதன்று. 2015-இல் இக்குப்பத்தில் தொடங்கிய கலைவிழாவில் கருநாடக இசையும் பறையாட்டமும் ஒரே மேடை ஏறின. எந்த இசை எவருக்குப் புரியும் என்று நெடுநாள் சொல்லிவந்தவர்களும் கடற்கரையில் அமர்ந்து கேட்டார்கள்.

கம்பியைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். கம்பிக்குக் கம்பி வேறுபாடு உண்டு. அது பருமனில் உள்ளது. பத்து மீட்டர் தொலைவுக்கு அரைச் சதுர மில்லிமீட்டர் கம்பியை இழுத்தால் போய்வரும் வழியில் ஏறத்தாழ 0.7 ஓம் மின்தடை. எட்டு ஓம் ஒலிபெருக்கிக்கு அது கருதத்தக்கது. இரண்டரைச் சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியானால் 0.14 ஓம், கருத வேண்டியதில்லை. அக்கம்பி எந்த மின்சாதனக் கடையிலும் கிடைக்கும். கடலோரத்தில் இன்னொரு உண்மையும் உண்டு. இணைப்பு முனைகளில் பச்சைக் களிம்பு ஏறும், ஒலி கரகரக்கும். நம் பழைய பெருக்கியில் பாதிக் குறை அதுதான் என்பதைத் தம்பி சுரண்டிக் காட்டினார்.

மீதிக் குறை கூடத்தில் இருந்தது. தகரக் கூரையிலும் வெற்றுச் சுவரிலும் மோதித் திரும்பிய ஒலி, சொல்லின் மேல் சொல்லை ஏற்றியது. சுவர்களில் தடித்த பருத்தித் திரையும் தரையில் தென்னை நார் விரிப்பும் இட்டோம். பெட்டிகளை அவையோரின் அருகே நகர்த்தினோம். நல்ல ஒலிவாங்கி ஒன்று வாங்கினோம். பின்வரிசைத் தாய்மார்கள், கவிதை இப்போதுதான் சொல் சொல்லாகக் காதில் விழுகிறது என்றார்கள். இந்தச் சான்றுக்குத் திரையும் நாணயமும் தேவைப்படவில்லை. நிதியில் எஞ்சிய தொகை, உங்கள் கையில் தவழப்போகும் இம்மலரின் தாளாக மாறியிருக்கிறது.

கவிஞர்களுக்கு ஒரு விண்ணப்பம்

என் தந்தையார் வைத்திருந்த மர்ஃபி வானொலியின் குரல் இன்றும் என் செவியில் உண்டு. அதனினும் இனிய ஒலியை நான் கேட்டதில்லை. அந்த இனிமையை எந்த மீட்டரும் அளக்க வேண்டியதில்லை; அது எனக்கும் என் தந்தையாருக்கும் உரியது. அதனை வானொலிப் பெட்டியின் குணம் என்று சொல்லி இன்னொருவரிடம் விலைபேசும்போதுதான் நான் சான்றுக்குக் கடமைப்பட்டவள் ஆகிறேன்.

கவிதைக்கும் இது பொருந்தும். அறிந்த கவிஞரின் பெயரைக் கண்டு படிக்கும்போது எழும் மகிழ்ச்சி பொய்யன்று. ஆனால் ஒரு மலருக்கோ பரிசுக்கோ தேர்ந்தெடுக்கும்போது, அம்மகிழ்ச்சி கவிதையினால் வந்ததா பெயரினால் வந்ததா என்று அறிந்தாக வேண்டும். சொன்னவர் எவர் என்று பாராது சொன்னதன் மெய்ப்பொருளைக் காண்பதே அறிவு என்பது வள்ளுவர் நமக்கு இட்ட பணி. எனவே அடுத்த ஆண்டு முதல், தேர்வுக்கு வரும் கவிதைகளைப் பெயரை மறைத்துத் தேர்வுக் குழுவிடம் அளிக்க வேண்டும் என்று இவ்வட்டத்தை வேண்டுகிறேன். என் கவிதை அதனால் விழுந்துபோனாலும் நான் வருந்த மாட்டேன். வருந்தினாலும் வெளியில் சொல்ல மாட்டேன்.

இறுதியாக என் கடன். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஐயா அவர்களே! தங்களுக்குக் கேட்டதைக் கேட்டபடியே சொன்னீர்கள். நான் எனக்குச் சொல்லப்பட்டதைக் கேட்டேன். முனைவர் பட்டம் பெற்ற நான் செய்யத் தவறிய ஒன்றைத் தாங்கள் இயல்பாகச் செய்தீர்கள். ‘செவி பழகினால் தெரியும்’ என்று அன்று தங்களிடம் சொன்ன சொல்லை இவ்வவையின் முன் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பொறுத்தருள வேண்டுகிறேன்.

வட்டம் இன்னும் பல பத்தாண்டுகள் வாழ்க!